செல்லத்துரை ஐயா துணைத் தலைவராக நின்ற தேர்தல்

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை பிரியா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை. மெல்பேர்னில் கிரான்பர்ன் என்ற இடத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நான் அதே வேலையைப் பல வருடம் செய்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஏதாவது கேட்டுக்கொண்டு வருவாள். அன்று தொலைக்காட்சியில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்களைப் பற்றி நாலு பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஜனாதிபதிக்கு நிற்கிறவர் தன்னோடு சேர்ந்து நிற்க யாரைத் தெரிவு செய்கிறார் என்பதால் வெற்றி தோல்வி மாறுமா, மாறாதா என்பதுதான் விவாதம்.

"துணை ஜனாதிபதியைப் பாத்து யாராச்சும் ஓட்டுப் போடுவாங்களா அன்ரி? கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் மாதிரிதானே அவரு. சும்மா பக்கத்துல நிக்கிறதுக்கு" என்றாள் பிரியா.

"மாப்பிளைத் தோழன் குழப்பி நிண்ட கலியாணம் எத்தினை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார் என் கணவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு.

எனக்கு அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் நடந்த தலைவர் தேர்தலை நான் கண்ணால் பார்த்தவள். அதை அவளுக்குச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இதை எழுதி வைங்க அன்ரி, ப்ளீஸ்" என்றாள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் பேசியதை எனக்கு விளங்கிய தமிழிலேயே எழுதுகிறேன்.

கல்யாணம் முடித்து மெல்பேர்னுக்கு வந்தபோது எனக்கு ஆங்கிலத்தில் 'யெஸ்'ஸும் 'தாங்க் யூ'வும்தான் தெரியும். முதலில் அலுவலகங்கள் கூட்டினேன். பிறகு உணவுப் பாதுகாப்பு என்று ஒரு சின்னப் படிப்புப் படித்துச் சான்றிதழ் எடுத்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த முதல் இடத்திலேயே வேலை கிடைத்தது. முருகன் காட்டிய வழி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஓய்வு பெறும்வரை வேறு இடம் தேடவில்லை.

அந்தச் சமையலறையின் தலைவி றோசா. இத்தாலியில் பிறந்து குழந்தையாகக் கப்பலில் வந்தவர். கட்டையான உருவம், பெரிய கைகள். சத்தம் போட மாட்டார். பிழை விட்டால் நம்மைப் பார்க்காமல் பானையைப் பார்த்துத்தான் பேசுவார். "இந்த உருளைக்கிழங்குக்கு யாரோ உப்புப் போட மறந்துவிட்டார்கள், பாவம் கிழங்கு" என்பார். அந்த யாரோ நான்தான் என்று எனக்கு உடனே தெரியும். மூடியைத் திறந்து ஆவியை முகர்ந்தே வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

விழுங்கக் கஷ்டப்படுகிற முதியவர்களுக்குச் சாப்பாட்டை மசித்துக் கொடுக்க வேண்டும். முதல் வாரம் நான் கரட், பட்டாணி, இறைச்சி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துவிட்டேன். வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பு. றோசா அந்தத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன நிறம், சாரா?" என் பெயர் சரோஜா. அவர்களுக்குச் சாரா. அவர் மறுபடி கரட்டைத் தனியே அவித்து, அவித்த தண்ணீரிலேயே கொஞ்சம் விட்டு அரைத்து, துணியில் வடித்து, கரண்டியால் ஒரு பக்கமாக வைத்தார். பட்டாணி தனி, இறைச்சி தனி. மூன்று நிறமும் ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் இருந்தன. "பல் இல்லை என்பதற்காக இவர்களுக்குக் கண் இல்லை என்று நினைக்காதே" என்றார். அதற்குப் பிறகு நான் ஒரு தட்டையும் அப்படிக் கலக்கவில்லை.

குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்துச் சுவர்த் தட்டில் அவருடைய மாதா படம் இருந்தது. ஒரு நாள் அவரே படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "உன்னுடையவருக்கும் இடம் இருக்கிறது" என்றார். அடுத்த நாள் முருகன் அங்கே வந்துவிட்டார். காலையில் அடுப்பு மூட்டமுன் அவர் சிலுவை போடுவார், நான் கும்பிடுவேன். பிறகுதான் நெருப்பு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கதை வந்தது. இல்லத்தை நடத்திய கொம்பனி, இனிமேல் சாப்பாட்டை வெளியே ஒரு பெரிய கூடத்தில் சமைத்து, குளிரூட்டிப் பெட்டிகளில் கொண்டுவந்து இங்கே சூடாக்கிக் கொடுத்தால் போதும் என்று யோசித்தது. அப்படி நடந்தால் சமையலறையை மூடிவிடுவார்கள். றோசாவுக்கும் எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் வேலை இல்லை. என் கணவருக்கு முதுகு ஏலாமல் வேலையை விட்டிருந்த காலம் அது. மகள் பல்கலைக்கழகத்தில். ஒவ்வொரு இரவும் விளக்கேற்றிக் கும்பிடும்போது இந்த வேலை நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கொம்பனி ஒரு வார்த்தை சொல்லியிருந்தது. அங்கே வசிப்பவர்களின் சங்கம் சம்மதித்தால் மாற்றுவோம், சம்மதிக்காவிட்டால் மறுபடி யோசிப்போம் என்றது. அந்தச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் அப்போதுதான் வந்தது.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவரும் துணைத் தலைவரும் சோடியாகத்தான் நிற்க வேண்டும். வாக்கும் சோடிக்குத்தான். வயதானவர்கள், தலைவர் திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் மறுபடி தேர்தல் வைக்காமல் துணைத் தலைவர் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்படி வைத்திருந்தார்கள்.

ஒரு பக்கம் கென். கார் விற்ற மனிதர். வாய் நிறையச் சிரிப்பு, சட்டைப் பையில் மவுத் ஓர்கன். பெட்டிச் சாப்பாட்டுக்கு அவர் சம்மதம். சமையலறை இருந்த இடத்தில் பில்லியர்ட் மேசை போட்டுத் தருவதாகக் கொம்பனி சொல்லியிருந்தது. கென்னை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், அதுதான் கஷ்டம்.

மறு பக்கம் மார்கரெட். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்தவர். நேரான முதுகு, நேரான பேச்சு. பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தால் கூடத்தில் கதைச் சத்தம் குறையும். எவரிடமும் எதையும் இரண்டாம் தரம் கேட்க மாட்டார். சமையலறை இருக்க வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். "அடுப்பு இருக்கிற வீடுதான் வீடு. மற்றது வரிசையில் காத்திருக்கிற இடம்" என்று கூட்டத்தில் சொன்னார். சொன்னது சரி. ஆனால் அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். பயந்தவர்கள் வாக்குப் போடுவார்களா?

மார்கரெட்டின் சோடியாக டொறதி நிற்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டொறதியும் ஆசிரியை. இருவரும் பின்னேரம் ஒன்றாக இருந்து பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுவார்கள். டொறதியே அப்படி நினைத்து கழுத்துக்கு ஒரு புது ஸ்கார்வ் வாங்கிவிட்டார். ஆனால் மார்கரெட் கேட்டது செல்லத்துரை ஐயாவை.

செல்லத்துரை ஐயா யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். மகன் இங்கே கூப்பிட்டு, பிறகு பார்க்க ஆளில்லாமல் இல்லத்தில் சேர்த்தார். ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் நன்றாக நடப்பார். சாப்பாட்டு நேரம் வந்தால், ஒருவரும் கேளாமலே, சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களை அவர்தான் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வருவார். கதவடியில் நின்று நாற்காலியின் முதுகில் லேசாகத் தட்டி, "ரைட்... ரைட்!" என்பார். வண்டி புறப்படும். அங்கே இருந்த கிரேக்கக் கிழவிகளும் சேர்ந்து "ரைட், ரைட்" என்று கத்துவார்கள். மூலையில் திரும்பும்போது, "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்று தமிழில் சொல்லுவார். அதுவும் அவர்களுக்கு விளங்கும்.

மார்கரெட் அவரை நடைபாதையில் மறித்து, தன்னோடு துணைத் தலைவராக நிற்க முடியுமா என்று கேட்டார். நான் தேநீர் வண்டியோடு பின்னால் நின்றேன். செல்லத்துரை ஐயா நெஞ்சில் கையை வைத்து, தலையை ஆட்டி, "நோ மேடம், நோ நோ. யூ பிக் மேடம். மீ ஸ்மோல் மேன்" என்றார்.

"நல்லது. யோசித்ததற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு மார்கரெட் போய்விட்டார்.

தன்னைக் கேட்காமல் இன்னொருவரைக் கேட்டது டொறதியின் காதுக்கு அன்று பின்னேரமே போய்விட்டது. அடுத்த நாள் காலை அவர் கென்னின் சோடியாகப் பெயர் கொடுத்தார், புது ஸ்கார்வையும் கட்டிக்கொண்டு. மார்கரெட்டின் பக்கம் இருந்த ஆசிரியைக் கூட்டம் பாதி டொறதியோடு போய்விட்டது. மார்கரெட்டுக்கு இப்போது சோடி இல்லை. அன்று மதியச் சாப்பாடு முடிவதற்குள் பெயர் கொடுக்காவிட்டால் அவர் நிற்கவே முடியாது. கென் போட்டியில்லாமல் தலைவர். சமையலறை அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து செல்லத்துரை ஐயா சமையலறை யன்னலடிக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு.

"பிள்ளை, அந்த மனிசி என்ன இன்னும் வரேல்லை?"

"எங்கை ஐயா?"

"என்ரை அறைக்கு. நேற்றுக் கேட்டவ. நான் சேட்டெல்லாம் ஸ்திரி போட்டு வைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"நீங்கள் நோ எண்டு சொன்னனீங்களே ஐயா! நான் காதாலை கேட்டனான்."

"ஓம், சொன்னனான். ஒருதரம்தானே கேட்டவ? ஒருதரம் கேட்ட உடனை ஓம் எண்டு சொன்னால் பதவிக்கு அலையிறான் எண்டு நினைக்க மாட்டினமே? ஒரு மரியாதைக்கு நோ சொல்லுறதுதானே. ரெண்டாந்தரம் கேட்டால் யோசிக்கிறன் எண்டுறது. மூண்டாந்தரம் ஓம் எண்டுறது. நீ எந்த ஊர்ப் பிள்ளை, உனக்கும் நான் சொல்லித் தரவேணுமே?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தானே. ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் கதிரையில் இருப்போம். மார்கரெட்டுக்கு அது எப்படித் தெரியும்?

"ஐயா, இவையளுக்கு நோ எண்டால் நோதான். நீங்களே போய்ச் சொல்லுங்கோவன்."

"நானே போய்க் கேக்கிறதோ? சீச்சீ! அதுக்குப் பிறகு என்ன முகத்தோடை துணைத் தலைவரா இருக்கிறது?"

அவர் "போட்டு வாறன்" என்று விடைபெற்றுப் போய்விட்டார். நான் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். றோசா வாசலில் நின்றார்.

"எங்கே?"

"மார்கரெட்டிடம். ஒரே ஒரு வார்த்தை."

"தேர்தலைப் பற்றி ஊழியர் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. நீ சொன்னால் நாளைக்குக் கென் சார்பில் ஒருவர் முறைப்பாடு கொடுப்பார். மார்கரெட்டின் பெயரையே எடுத்துவிடுவார்கள். உள்ளே போ."

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. றோசா கேட்டுக்கொண்டே பால்சோற்றைக் கிண்டினார். பாலும் அரிசியும் சீனியும் கறுவாப்பட்டையும் போட்டு மெல்லிய நெருப்பில் வைத்த இனிப்பு அது. பிறகு பானையைப் பார்த்து, "என் அம்மாவின் வீட்டிலும் முதல் தட்டுக்கு ஓம் சொன்னவனை மதிக்க மாட்டார்கள்" என்றார்.

மதியம் றோசா செய்த காரியத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. அவர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரவே மாட்டார். அன்று வெள்ளைத் தொப்பியோடு, பால்சோற்றுப் பானையைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே செல்லத்துரை ஐயாவின் மேசைக்குப் போனார். அடுத்த மேசையில் மார்கரெட் தனியே இருந்தார். டொறதியின் கதிரை காலி.

"இன்னும் கொஞ்சம் பால்சோறு?" என்றார் றோசா.

"நோ, நோ, தாங்க் யூ." நெஞ்சில் கை.

றோசா அசையவில்லை. "கொஞ்சம்?"

"நோ, நோ... நைஸ். பட் நோ."

மார்கரெட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஒரே ஒரு கரண்டி?" என்றார் றோசா மூன்றாம் தரம்.

"லிட்டில்" என்று ஐயா கோப்பையை நீட்டினார். றோசா அதை நிரப்பினார். ஐயா மிச்சம் விடாமல் சாப்பிட்டார். றோசா ஒருவர் முகத்தையும் பாராமல் திரும்பி உள்ளே வந்துவிட்டார். தேர்தலைப் பற்றி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மார்கரெட் எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வளர்த்தவர். கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடைச் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. ஐயாவின் மேசைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "மிஸ்டர் செல்லத்துரை, என்னோடு துணைத் தலைவராக நிற்பீர்களா?" என்றார்.

"நோ மேடம். யூ பிக் மேடம்."

"நீங்கள் இல்லாமல் நான் நிற்கப் போவதில்லை. நிற்பீர்களா?"

ஐயா தலையைச் சொறிந்தார். முருகா, இன்னும் ஒருதரம், இன்னும் ஒரே ஒருதரம் அந்த மனிசியைக் கேட்க வை என்று யன்னலுக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன். மார்கரெட் சட்டத்தை இன்னும் கிட்டத் தள்ளினார். வாழ்க்கையில் எவரிடமும் அப்படி நின்றிருக்க மாட்டார்.

"தயவு செய்து" என்றார்.

"ஓகே மேடம். யூ ஆஸ்க், ஐ கம்" என்று ஐயா எழுந்து நின்று கும்பிட்டார். கிரேக்கக் கிழவிகள் கைதட்டினார்கள். பெயர் எழுதும் தாளோடு நின்ற அலுவலர் ஓடி வந்தார்.

கென் கெட்டவர் இல்லை, ஆனால் வாய் சும்மா இராது. அடுத்த நாள் கூட்டத்தில், "மார்கரெட், நாளைக்கு நீங்கள் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் கொம்பனியோடு யார் பேசுவது? உங்கள் துணைத் தலைவருக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கே அந்தப் பயம் இருந்தது.

"நான் விழுந்தால் அவர் என்னைக் கூட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவார்" என்றார் மார்கரெட்.

"ரைட், ரைட்!" என்றது பின்வரிசை. கூடம் முழுதும் சிரித்தது. மார்கரெட் சிரித்ததை அன்றுதான் பலர் பார்த்தார்கள்.

வாக்களிப்பு ஒரு வெள்ளிக்கிழமை. நான் விரதம். கேக் வைக்கிற தகரப் பெட்டியில் ஒரு துளை போட்டு அதுதான் வாக்குப் பெட்டி. படுக்கையில் இருக்கிறவர்களிடம் அலுவலர் பெட்டியைக் கொண்டுபோனார். மற்றவர்களை, யாருக்கு வாக்கு என்று ஒரு சொல் கேளாமல், வழக்கம்போல ஐயா தள்ளிக்கொண்டு வந்தார். கென்னின் ஆட்களையும் அவரேதான் தள்ளினார். முந்திய வருடங்களில் அறையை விட்டு வராமல் இருந்த பலர் அன்று வந்தார்கள்.

எண்ணி முடிக்கும்வரை நான் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன். மார்கரெட்டின் சோடி வென்றது. வித்தியாசம் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும்.

ஐயாவைத் தெரிவு செய்ததால் மார்கரெட் சில வாக்குகளை இழந்தார். டொறதியின் சிநேகிதிகள் போட்டிருக்க வேண்டிய வாக்குகள் அவை. ஐயாவால் சில வாக்குகள் வந்தன. சக்கர நாற்காலியில் வந்த வாக்குகள் அவை. ஆனால் பால்சோறு சாப்பிட்ட அந்த மதியத்தில் வந்த வாக்குகள் வேறு. மார்கரெட்டுக்குப் பயந்திருந்தவர்கள், அவர் ஒரு மனிதருக்கு முன்னால் நின்று மூன்று தரம் கேட்டதைக் கண்டார்கள். தலைவராக வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று, அவர் தன் பக்கத்தில் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதில் தெரிந்துவிடுகிறது. பிரியாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

கொம்பனியோடு பேச்சு பல வாரம் இழுபட்டது. மார்கரெட் பேசினார். ஐயா பக்கத்தில் இருந்தார். முடிவை எவரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை. ஒரு நாள் காலை மனேச்சர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "றோசா, அடுத்த மாதத்துக்கு மரக்கறி ஓடர் இன்னும் தரவில்லையே" என்றார். அவ்வளவுதான். றோசா அடுப்பைத் தணித்துவிட்டு உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் இருந்துவிட்டார். மாதாவுக்கும் முருகனுக்கும் பொதுவாக ஒரு சிலுவை போட்டார். "போ சாரா, போய்ச் சொல்லு" என்றார்.

நான் ஈரக் கையோடு ஓடினேன். முதலில் கண்டது செல்லத்துரை ஐயாவை. ஒரு கிழவியின் காலில் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"ஐயா, குசினி பூட்டேல்லையாம்! நாங்கள் வெண்டிட்டம்!"

அவர் முகம் விரிந்தது. உடனே கையை உயர்த்தினார். "பொறு பிள்ளை, பொறு. மேடத்துக்குச் சொன்னனீயோ?"

"இல்லை, உங்களுக்குத்தான் முதல்..."

"என்ன பிள்ளை நீ! அவ தலைவி. முதல் அவவுக்குச் சொல்லு. நான் ஒண்டும் கேக்கேல்லை, சரியோ?"

யன்னலடியில் மார்கரெட் இருந்தார். டொறதி மறுபடி வந்து குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கத் தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருந்தன. நான் மூச்சு வாங்கச் சொன்னேன். மார்கரெட் பென்சிலைக் கீழே வைத்தார்.

"செல்லத்துரைக்குத் தெரியுமா?"

பொய் சொல்லவும் மனமில்லை, ஐயாவைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. "தலைவிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார்" என்றேன்.

"அப்படியானால் அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும்" என்று மார்கரெட் எழுந்தார். டொறதி சட்டத்தை அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்தார். அந்த நீளக் கூடத்தை மெல்ல மெல்லக் கடந்து அவர் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே செல்லத்துரை ஐயா, ஒன்றுமே தெரியாதவர்போல, சட்டைக் கழுத்தைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றார்.